நிலக்காட்சியில் இல்லாத பெண்கள்

எங்கள் பக்கத்தில் ஏலம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றும்போது மீன் ஏலம். புளி உலுக்கும் காலத்துக்கு முன்னால் ரோட்டோரப் புளியமரங்களுக்கு ஏலம். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட ஏலம். மீட்காத நகைகளுக்கு வங்கிகள் செய்தித்தாளில் கொடுக்கும் ஏல அறிவிப்பு. இவற்றில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுகிறவரும் விலை கேட்கிறவரும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் தாங்களே உட்கார்ந்து கேட்கும் ஏலம் ஒன்றுதான், அது ஏலச்சீட்டு. மகளின் காலேஜ் ஃபீசுக்காகவோ மூழ்கப்போகும் நகைக்காகவோ, எவ்வளவு தள்ளி எடுத்தால் கட்டுப்படியாகும் என்று மனக்கணக்குப் போட்டுக் கேட்கும் பெண்களைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். எந்தப் பொருளுக்கும் நிலையான விலை கிடையாது, தேவையும் தைரியமும் உள்ளவர் கேட்பதுதான் விலை என்பதை அங்கேதான் கற்றேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் கவனித்துவருவது வேறொரு ஏலம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுக்கப்பட்ட தென்னிந்திய நிலக்காட்சிப் புகைப்படங்களின் ஏலம். லண்டனில் கிறிஸ்டீஸ், சாதபீஸ், பான்ஹம்ஸ் போன்ற பெரிய ஏல நிறுவனங்களில் இவை ஆல்பம் ஆல்பமாக வரும். சிறு ஏலக்கடைகளில் இரண்டு மூன்று படங்கள் சேர்ந்த கட்டாக வரும். இன்று எல்லாவற்றையும் விருதுநகரில் உட்கார்ந்துகொண்டே திரையில் பார்க்கலாம். பெரிய ஏலங்களில் பார்ப்பதோடு சரி. சிறிய ஏலங்களில், கையெழுத்தில்லாத, ஓரம் மங்கிய, யாரும் போட்டிக்கு வராத படங்களில் சிலவற்றை வாங்கியிருக்கிறேன். சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. வாங்குபவர் தலையில் வைக்கும் தரகு மட்டும் பெரிய நிறுவனங்களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். பிறகு தபால் செலவு, சுங்கம். மாதச் சம்பளக்காரிக்கு இது சின்ன விஷயமல்ல.

நான் தேடிப் போனது என் ஊர் நிலத்தை. தேடத் தேட வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. இத்தனை ஆறு, மலை, கண்மாய், கோபுரம் இருக்கும் படங்களில் இந்த நிலத்தில் வேலை செய்த பெண்கள் எங்கே?

என்ன விற்கிறார்கள்

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘வின்டேஜ்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வது வெறுமனே பழைய படத்தையல்ல. நெகட்டிவ் எடுத்த காலத்தை ஒட்டியே அச்சிட்ட பிரதிக்குத்தான் அந்தப் பெயர். சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியா வந்து, 1870வாக்கில் இங்கிலாந்து திரும்பிவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோ அவருடைய நெகட்டிவ்களை அதன்பிறகும் நெடுங்காலம் அச்சிட்டு விற்றது. கல்கத்தாவில் இருந்த அந்தக் கடையை மூடியது 2016இல்தான். ஒரே மலை, ஒரே நெகட்டிவ். 1866இல் அச்சிட்டதற்கு ஒரு விலை, 1890களில் அச்சிட்டதற்கு வேறு விலை. தாளைத் தொட்டும், பூதக்கண்ணாடியில் பார்த்தும், நெகட்டிவிலேயே கீறியிருக்கும் எண்ணைப் படித்தும் இதைப் பிரித்தறிகிறார்கள்.

‘கறுப்பு வெள்ளை’ என்ற சொல்லும் முழுக்கச் சரியில்லை. அந்தக் காலப் பிரதிகள் பெரும்பாலும் பழுப்பு, ஊதா கலந்த பழுப்பு, காப்பி நிறம். உப்புத் தாளில் அச்சிட்ட படம் மினுங்காது. பிம்பம் தாளின் நாருக்குள் ஊறியிருக்கும். முட்டை வெள்ளைக்கருவைப் பூசிய தாளில் அச்சிட்ட ஆல்புமன் படத்துக்கு மெல்லிய பளபளப்பு உண்டு. வயதாக ஆக ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறி வரும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த ஏலங்களில் பெரிய பெயர் லின்னேயஸ் ட்ரைப். 1822இல் இங்கிலாந்தில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1850களின் நடுவில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். வடக்கே 1857 கிளர்ச்சி இன்னும் அடங்காத மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களோடு சுற்றினார். 1858இல் அவை ஊர்வாரியாகத் தொகுதிகளாக வந்தன. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் வீண் செலவு என்று நிறுத்தச் சொன்னார். அன்று வீண் செலவென்று ஒதுக்கப்பட்ட படங்களுக்கு 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய கண்காட்சி நடந்தது.

நம் நாட்டிலும் இதன் மதிப்பை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் உண்டு. நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காஸி வெளிநாட்டுச் சந்தையில் சிதறிக் கிடந்த இந்தியப் புகைப்படங்களைச் சேர்த்து வாங்கினார். அவர் 2020இல் மறைந்தார். தில்லியில் உள்ள அல்காஸி அறக்கட்டளையின் சேகரிப்பு இன்று ஆய்வாளர்களுக்குப் பெரிய ஆதாரம். இந்தச் சேகரிப்புகள் இல்லையென்றால் நாம் கேள்வி கேட்பதற்குக்கூடப் படம் மிஞ்சியிருக்காது.

நகர்ந்தவள் மறைந்தாள்

ட்ரைப் மதுரையில் எடுத்த படங்களில் ஒன்று வைகை ஆற்றையும் அதன் குறுக்கே போன தரைப்பாலத்தையும் காட்டுவது. இன்றைய மதுரைக்காரர் யாரும் அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள். கோயில்களையும் மண்டபங்களையும் எடுத்தவர் ஆற்றையும் எடுத்திருக்கிறாரே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆறு என்றால் எங்களுக்கு மணல், தண்ணீர், பாலம் மட்டுமல்ல. ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொள்வது, துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது, கீரைப்பாத்தி போடுவது. அதெல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை.

அவர்கள் படத்தில் வராததற்கு முதல் காரணம் தொழில்நுட்பம். மெழுகிட்ட தாள் நெகட்டிவுக்கு வெளிச்சம் படிய நிமிடக்கணக்கில் ஆகும். அந்த நேரம் முழுக்க அசையாமல் நிற்பதுதான் பதியும். கோபுரம் அசையாது, பாறை அசையாது. திண்ணையில் சாய்ந்திருப்பவரை அசையாமல் இருக்கச் சொல்லலாம். குடம் தூக்கி நடப்பவள், நாற்று நடுபவள், கூடை சுமப்பவள் அசைந்துகொண்டேதான் இருப்பாள். வேலையை நிறுத்தினால்தான் அவள் வரலாற்றில் விழ முடியும். நிறுத்தினால் கூலி போகும். வேலை செய்தவள் புகையாகக் கலைந்துபோனாள். ஓய்வாக இருக்க முடிந்தவர் துல்லியமாகப் பதிந்தார்.

இரண்டாவது காரணம் கை வேலை. வானம் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும் என்பதால் ட்ரைப் நெகட்டிவின் மேல் நிறமி பூசி மேகங்களைச் சேர்த்தார். மரங்களின் இலைத்திரளையும் அப்படியே திருத்தினார். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது நல்ல வேலைப்பாடு. ஆனால் இல்லாத மேகத்தை வரைவதற்குக் கை போயிருக்கிறது. கலைந்துபோன மனிதரை யாரும் திரும்ப வரையவில்லை.

என்னிடம் இருக்கும் ஒரு படத்தைச் சொல்கிறேன். கையெழுத்து இல்லை, ஆண்டு இல்லை. அட்டையில் பென்சிலால் மதுரைக்குப் பக்கம் என்று மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு கண்மாய்க் கரை, சாய்ந்த பனைகள், தூரத்தில் வெற்றுக் குன்று. கரையின் இடதுகோடியில் சாம்பல் நிறத்தில் நீளமான தீற்றல் ஒன்று. ஏலப் பட்டியலில் அதைக் குறை என்ற பகுதியில், நகர்வினால் ஏற்பட்ட மங்கல் என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் விலை என் கைக்கு எட்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தீற்றலின் உச்சியில் அகலமான கருமை, அடியில் இரண்டாகப் பிரியும் வெளிறல். தலையில் சுமையோடு கரைமேல் நடந்துபோன ஆள் என்று நான் படிக்கிறேன். பெண்ணா, ஆணா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தலைச்சுமையோடு கண்மாய்க் கரையில் போகிறவர்கள் எங்கள் ஊரில் யாரென்று எனக்குத் தெரியும். படத்தின் விலையைக் குறைத்த அந்தக் குறைதான் அந்தப் படத்தில் இருக்கும் ஒரே மனித உழைப்பு.

இரண்டு தட்டுகள்

பெண்கள் அந்தக் காலப் புகைப்படங்களில் அடியோடு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. நிறையவே இருக்கிறார்கள். ஆனால் வேறு தட்டில் இருக்கிறார்கள்.

எந்த ஏலப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். ஒரு தலைப்பு ‘காட்சிகள்’: மலை, ஆறு, கோயில், கோட்டை. இன்னொரு தலைப்பு ‘வகைகள்’: சாதிகள், தொழில்கள், உடைகள். இந்தப் பிரிவினை ஏலக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை, காலனிய நிர்வாகத்திலிருந்து வந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்தியாவின் மக்கள்’ இந்த வகைப் படங்களுக்குப் பெரிய முன்மாதிரி. மனிதரை அவர் நிற்கும் நிலத்திலிருந்து பிரித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தி, பெயருக்குப் பதில் சாதியை எழுதுவது அதன் முறை. தண்ணீர் சுமக்கும் பெண் ஸ்டுடியோவுக்குள் வெறுங்குடத்தோடு நிற்பாள். அவள் தண்ணீர் எடுத்த ஆறு, ஆளில்லாத காட்சியாக இன்னொரு ஆல்பத்தில் இருக்கும். பெண்ணையும் நிலத்தையும் இப்படிப் பிரித்த பிறகு, நிலம் யாருக்கும் சொந்தமில்லாத அழகாகவும், பெண் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாத மாதிரியாகவும் ஆகிவிடுகிறார்கள். நிலத்தை அளந்து வரி போட்டவர்களுக்கு ஆளில்லாத நிலம் வசதியான படம்.

கேமராவின் பின்னால் பெண் இருந்தால் இது மாறியிருக்குமா? இலங்கையில் ஒரு பதில் இருக்கிறது. புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் குடும்பத்தோடு இலங்கை போனார். 1879இல் அங்கேயே இறந்தார். அவர் குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அவர் அங்கே எடுத்தவற்றில் சில பத்துப் படங்களுக்குள்தான் மிஞ்சியிருக்கின்றன. உழைக்கும் மக்களை முகத்துக்கு நேராக, கம்பீரத்தோடு எடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் எடுத்தபோது பெயரை எழுதியவர், களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கு வைத்த தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’. பெண்ணின் பார்வை வேறு, தோட்ட முதலாளி வீட்டுப் பார்வை வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது பெயர் எழுதும் இடத்தில் இரண்டாவது ஜெயித்துவிடுகிறது.

நம் திணை மரபு இதற்கு மாற்றுத்தானே என்று என் மாணவிகள் கேட்பதுண்டு. உண்மைதான், தொல்காப்பியத்தின் கணக்கில் ஆளில்லாத நிலம் கிடையாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால், அங்கே வாழும் மக்கள், அவர்கள் தொழில், உணவு, பறை எல்லாம் கருப்பொருள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் வெறும் வைகைப் படம் பாதிப் படம்தான். ஆனால் அந்த மரபையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட நான் தயாரில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். வினைமேல் போன தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பது. நிலத்துக்குள் பெண்ணுக்கு இடம் உண்டு, ஆனால் காத்திருக்கிறவளாக. வேலை செய்து கூலி வாங்குகிறவளாக அவளைப் பார்க்க நாம் வேறு எங்கோ போக வேண்டும்.

முட்டை உடைத்தவர்கள்

நான் போய்ச் சேர்ந்த இடம் நான் எதிர்பாராதது. படத்துக்குள் தேடிக்கொண்டிருந்தேன், பெண்கள் தாளிலேயே இருந்தார்கள்.

ஆல்புமன் தாள் வெள்ளைக்கருவால் ஆனது என்றேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தாளுக்கு உலகச் சந்தையின் மையம் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரம். அங்கிருந்த ஒரே ஒரு தொழிற்சாலை 1888இல் 18,674 ரீம் தாள் தயாரித்தது. ஒரு ரீமுக்கு 480 தாள். ஒரு ரீமுக்கு 27 டஜன் முட்டை. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 60 லட்சம் முட்டைக்கு மேல். ஒவ்வொன்றையும் உடைத்து, மஞ்சள்கரு ஒரு சொட்டும் கலக்காமல் வெள்ளையைப் பிரிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். பிரித்த வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, புளிக்க வைத்து, தாளை ஒவ்வொன்றாக அதன்மேல் மிதக்கவிட்டு எடுத்து உலர்த்த வேண்டும். தாளைக் குமிழி விழாமல் மிதக்கவிடும் கைப்பக்குவமும் பெண்களிடம் இருந்தது. மிஞ்சிய மஞ்சள்கரு தோல் பதனிடுகிறவர்களுக்குப் போயிற்று. இமயமலையைப் படமெடுக்கப் பல பத்துச் சுமைகூலிகளோடு ஏறியவரின் பெயர் ஒவ்வொரு படத்திலும் இருக்கிறது. சுமந்தவர் பெயரும் இல்லை, தாள் செய்தவள் பெயரும் இல்லை. ட்ரைப்பின் உதவியாளராக இருந்த அய்யாசாமியின் பெயர் மட்டும் எப்படியோ தப்பி வந்திருக்கிறது. அவர் பிறகு சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் தாமே படமெடுத்தார்.

ட்ரெஸ்டன் கணக்கைப் படித்தபோது எனக்கு அது அந்நிய தேசமாகத் தெரியவில்லை. என் அம்மா தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டியவர். மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்ட பசை, மடியில் சக்கைக் கட்டு, குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. முழுக் குரோஸ் ஆனால்தான் காசு. பக்கத்து வீட்டு மதினி தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்குவார். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். விரல் வேகம் பெண்களுக்குத்தான் உண்டு, அதனால் இந்த வேலை அவர்களுக்கு என்பார்கள். அந்த வேகத்துக்கு ஏன் கூலி ஏறவில்லை என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இருக்காது. ட்ரெஸ்டனில் முட்டை, சிவகாசியில் குச்சி. இரண்டிலும் பல்லாயிரம் தடவை ஒரே அசைவு, கடைசியில் வேறொருவர் பெயர் போட்ட லேபிள்.

சிவகாசித் தொழிலின் வரலாறு எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அது உண்மை, பெரிய முயற்சியும்கூட. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் அது பல வீடுகளில் உலை வைத்தது. ஆனால் அந்தக் கதையில் முதல் பெட்டியை ஒட்டியவள் இல்லை. குழந்தைகளின் உழைப்பு பற்றி 1980களில் எழுந்த குரல்களும், 1990இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும், உச்சநீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பும்தான் அந்தக் கைகளை வெளியே தெரியவைத்தன.

கரிசலைக் கடந்துபோன கேமரா

அந்தக் கைகள் வேலை செய்த நிலத்தின் பழைய படம் இருக்கிறதா? நான் பார்த்த ஏலப் பட்டியல்களில் மதுரை அடிக்கடி வரும். குற்றாலம் வரும், கொடைக்கானல், ஊட்டி வரும். நடுவில் கிடக்கும் எங்கள் கரிசல் வந்ததில்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1870களில் ரயில் போட்டார்கள். அது அன்றைய விருதுபட்டி வழியாகத்தான் போயிற்று. பயணி இறங்கிப் படமெடுக்க இங்கே அருவியும் இல்லை, குளிரும் இல்லை. பருத்தி இருந்தது. பருத்தி எடுத்த பெண்கள் இருந்தார்கள்.

பழைய நிலப்படம் ஒன்று கிடைத்தால் அது என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம். இன்று எங்கள் கண்மாய்களை மூடியிருக்கும் சீமைக்கருவேலத்தின் விதை சென்னை மாகாணத்துக்கு வந்தது 1870களில். 1858இல் எடுத்தது என்று விற்கப்படும் தென்தமிழ்நாட்டுப் படமொன்றில் அந்த மரம் தெரிந்தால் ஆண்டு தவறு என்று சொல்லிவிடலாம். விறகுக்கும் கரிக்கும் இந்த முள்ளையே வெட்டி வாழும் பெண்களின் பாட்டிமார், எந்த விறகை எங்கே பொறுக்கினார்கள்? கண்மாய்க்குள் என்ன பயிர், மேய்ச்சல் எந்தப் பக்கம்? இவற்றுக்கெல்லாம் பட்டாவில் பதில் இருக்காது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்துப் பயிர் செய்வோரில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடு. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத்திருத்தம் வந்தது 1989இல். காகிதத்தில் நிலம் இல்லாதவள், படத்திலும் இல்லையென்றால், அந்த நிலத்தோடு அவளுக்கிருந்த உறவுக்குச் சாட்சியே இல்லை.

இன்னொரு முரண் உண்டு. நிலக்காட்சிப் படங்களே இல்லாத இந்த ஊர்தான் நாட்டுக்கே நிலக்காட்சி அச்சடித்துக் கொடுத்தது. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த லித்தோ அச்சு, காலண்டராக வளர்ந்தது. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) கடவுளருக்குப் பின்னால் மலையும் நீர்நிலையும் வைத்தார். பிறகு கடவுள் இல்லாத ‘சீனரி’ காலண்டர் வந்தது: பனிமலை, பச்சைப் புல்வெளி, ஓட்டு வீடு. வெயிலில் மண் வெடிக்கும் ஊரில் பெண்கள் உட்கார்ந்து அந்தப் பனிமலையின் அடியில் தேதித்தாள் கட்டை ஒட்டினார்கள். தங்கள் நிலம் ஒரு காட்சி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அது காட்சிதான். சாத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பாருங்கள். வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்தது பற்றக்கூடாது என்று வெடிபொருள் சட்டம் சொல்லும் இடைவெளி அது. அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்பதும் சட்டம். விபத்துகளின் கணக்கு இந்த நிலத்தின் வடிவத்தையே வரைந்திருக்கிறது. இந்த நிலம் நாடு முழுக்கப் படமாகத் தெரிவது அந்தச் சட்டம் மீறப்பட்ட நாட்களில்தான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். மறுநாள் செய்தித்தாளில் புகை, சரிந்த சுவர், தலையில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள். சரம் பின்னும்போதும் திரி வெட்டும்போதும் மதியம் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறக்கும்போதும் அவர்களை யாரும் எடுக்கவில்லை. நாளைக்கு இந்தச் செய்திப் படங்களே ‘வின்டேஜ்’ ஆகி ஏலத்துக்கு வரும். அப்போது சிவகாசிப் பெண் என்றால் அழுகிறவள் என்றுதான் வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார்.

நம் கையில் இருப்பது

இந்த ஏலங்களை நான் வெறுக்கவில்லை. வெறுத்தால் படங்கள் வேறு கைக்குப் போகும், அவ்வளவுதான். நான் செய்வது இரண்டு. வாங்கிய படத்தின் விவரக் குறிப்பைப் புதிதாக எழுதுகிறேன்: என்ன மரம், என்ன வேலை நடந்திருக்கக் கூடும், எங்கே மங்கல், அது என்னவாக இருக்கலாம். பழைய பட்டியலின் சொற்களை அழிப்பதில்லை, பக்கத்தில் எழுதுகிறேன். பிறகு, ஸ்கேன் செய்து கேட்கும் மாணவிகளுக்குக் கொடுக்கிறேன். பெட்டிக்குள் பூட்டி வைத்த படம் இன்னொரு தடவை மறைக்கப்பட்ட படம்.

ஆனால் அதைவிட அவசரமான வேலை நம் வீடுகளிலேயே இருக்கிறது. ஊர் ஊராக இருந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு, நெகட்டிவ்கள் எடைக்குப் போகின்றன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்பிரதி எடுத்திருக்கிறார்கள். அது நல்ல தொடக்கம். நிறுவனங்கள் மட்டும் செய்து தீரும் வேலையல்ல அது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள்கூட அவர் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அவரே வாழ்நாளின் கடைசியில் தன் சேகரிப்பை அல்காஸி அறக்கட்டளையிடம் ஒப்படைத்ததால் பெயர் பெயராக நிற்கிறது.

எழுத வேண்டிய குறிப்புக்கு ஒரு மாதிரி தஞ்சாவூரில் இருக்கிறது. ட்ரைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு எடுத்தார். அவருடைய படங்களில் அதற்குத் தனிப் புகழ் உண்டு. அதே கோயிலின் வடக்குத் திருச்சுற்று மதிலில் வேறொரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். அது மன்னனின் நிர்வாகக் கணக்கு. அந்தப் பெண்களின் விருப்பத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது, வந்த ஊர் இருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்று இருக்கிறது, பங்குக்கு 100 கலம் நெல் என்று கூலி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கனால் உளியால் வெட்டி வைக்க முடிந்ததை, பென்சிலும் பேனாவும் வைத்திருந்த புகைப்படக்காரர்கள் செய்யவில்லை.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பீரோவிலோ தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், பருத்திக்காடு, பிரஸ் என்று ஏதாவது ஒன்றில் எடுத்த குரூப் போட்டோ இருக்கும். ஆயுத பூஜைக்கு எடுத்ததாக இருக்கும், அல்லது யாரோ ரிட்டையர் ஆனபோது. அதில் இருக்கும் பெண்களை அடையாளம் சொல்லக்கூடிய ஆள் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் வந்துவிடும்; மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பெயர், ஊர், என்ன வேலை, ஒரு குரோசுக்கு அல்லது ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி, என்ன ஆண்டு. பின்னால் தெரியும் மரத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.